கூரை, வேலி, அடுப்பு

தென்னையிலிருந்து விழுந்த ஓலை இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் குப்பையாகி முடியப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஓலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, களப்பு நீரிலோ கிடங்கிலோ ஊறப்போட்டுப் பின்னினால் கிடுகு. கிடுகு முதலில் ஏறும் இடம் கூரை. ஓரிரு மாரிகளைத் தாங்கி நைந்ததும் கூரையிலிருந்து இறங்கி வேலிக்கோ கோழிக்கூட்டுக்கோ வந்து சேரும். வேலியிலும் உதிரத் தொடங்கினால் பாதி அடுப்புக்குப் போகும், பாதி தென்னங்கன்றின் அடியில் ஈரம் காத்துக் கிடக்கும். அடுப்புக்குப் போனதும் வீணில்லை. அதன் சாம்பல் சட்டிபானை துலக்கும், மிஞ்சியது கத்தரிச் செடியின் தூருக்குப் போகும். கூரையில் இருக்கும்வரை கிடுகு ஒழுகக் கூடாது. வேலிக்கு வந்த பிறகு மறைப்பாக நின்றால் போதும். அடுப்பில் எரிந்தால் போதும். படி இறங்க இறங்கப் பொருளின் வலு குறைகிறது, அதனிடம் நாம் கேட்கும் வேலையும் கூடவே குறைகிறது. வீட்டில் கிடக்கும் பொருளைக் கொண்டு பணம் மிச்சம் பிடிக்க எத்தனையோ யோசனைகள் உலவுகின்றன. சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையோர வீடுகளில் வழங்கிவரும் இந்த இறங்குவரிசையைவிடத் தெளிவான வழிகாட்டி அவற்றில் ஒன்றிலும் இல்லை என்பது என் எண்ணம்.

வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகளைப் பாருங்கள்: வெற்றுப் போத்தலுக்கு நிறம் பூசி மேசை விளக்கு, பழைய டயருக்குக் கயிறு சுற்றி இருக்கை, தகரப் பேணியில் பூ வேலை செய்து பேனாக் குடுவை. அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிறமும் பசையும் கயிறும் கடையில் வாங்கியவை. அந்த விளக்கு இல்லாவிட்டால் அந்த வீடு இன்னொரு விளக்கு வாங்கியிருக்கப் போவதுமில்லை. அப்படியானால் மிச்சமான பணம் எங்கே? அது கைவினைப் பொழுதுபோக்கு, அதைச் சிக்கனம் என்று எழுதுவதுதான் பிசகு. பழைய பொருள் பணத்தைக் காப்பது ஒரே ஒரு விதத்தில்தான். எப்படியும் வாங்கியே ஆக வேண்டியிருந்த ஒன்றை அது வாங்கவிடாமல் தடுக்க வேண்டும். அதோடு, புதிய வேலை பழைய வேலையைவிட எளிதானதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் பொருளும் போய், கடைக்கும் போக வேண்டி வரும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கரையோர வீடுகளில் எது வேலை செய்கிறது, எது வெறும் ஆசை என்று பிரித்துவிடலாம்.

வலையை எடுத்துக்கொள்வோம். உடப்பு கரைவலைக்கும், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் பெயர்போன ஊர். அங்கும், களப்போரக் கிராமங்களிலும், கற்பிட்டியிலும் கடலுக்கு இனி உதவாது என்று ஒதுக்கிய வலை வீட்டு வளவுக்கு வந்துவிடுகிறது. கடலில் அந்த வலை மீன்பாட்டின் பாரத்தையும் நீரோட்டத்தையும் தாங்க வேண்டியிருந்தது. ஒரு கண் அறுந்தாலும் மீன் போய்விடும். வளவில் அது கோழியையும் ஆட்டையும் மறித்தால் போதும், புத்தளத்துத் தெருக்களில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகள் மிளகாய்ப் பாத்தியில் வாய் வைக்காமல் தடுத்தால் போதும். பாகலும் புடோலும் படரப் பந்தல் கட்டலாம், கருவாடு காய விரிக்கலாம். இதற்கெல்லாம் கடையில் கிடைக்கும் மாற்று கம்பி வலை. உப்புக் காற்றடிக்கும் கரையில் கம்பி வலை எத்தனை விரைவாகத் துருப்பிடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நைலோன் துருப்பிடிக்காது. வெயில் அதைத் தின்னும், ஆனால் மெதுவாகத் தின்னும். ஆக, இந்தக் கரையில் பழைய வலை காசில்லாதவரின் சமாளிப்பு என்பதோடு நிற்கவில்லை. புதுக் கம்பி வலையைவிடப் பொருத்தமான பொருளாகவே இருக்கிறது. உள்ளூர் நிலைமையை அறியாமல் பொதுவாகச் சொல்லும் சிக்கன யோசனைகளில் இந்த மாதிரிக் கணக்கு விடுபட்டுவிடும். அதே வலையை மலைநாட்டில் ஒருவர் காசு கொடுத்து வாங்கி வேலி கட்டினால் அது சிக்கனமாகாது.

பொச்சுமட்டைக்கு ஆராய்ச்சிச் சான்றே இருக்கிறது, அதுவும் இதே மாவட்டத்திலிருந்து. தென்னை ஆராய்ச்சி நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது, அது இருப்பது புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலவில். தென்னைக்கு ஈரம் காக்கப் பொச்சுமட்டையைக் குழியில் அடுக்கிப் புதைப்பதையும், மரத்தைச் சுற்றி நிலத்தில் பரப்புவதையும் அது நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. குழிக்குள் அடுக்கும்போது உட்குழிவு மேலே பார்க்க வைத்து, ஒரு வரிசை மட்டை, ஒரு வரிசை மண் என்று போட வேண்டும். மட்டைக்குள் இருக்கும் தும்புச்சோறு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கற்பிட்டி மணலில் ஊற்றிய தண்ணீர் நின்று பார்க்காமல் கீழே இறங்கிவிடும் என்பதால் இந்தக் குணம் அங்கே தங்கத்துக்குச் சமம். மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மீதி மாதங்களில் கிணற்று நீரைப் பம்பினால் இறைக்க வேண்டும், பம்புக்கு மின்சாரமோ எரிபொருளோ வேண்டும். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. (நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாட், நுரைச்சோலையில் இந்தத் தென்னைகளின் பக்கத்திலேயே நிற்கிறது என்பதற்காக யாருக்கும் சலுகை கிடைக்கவில்லை.) மண்ணில் ஒரு நாள் கூடுதலாக ஈரம் நின்றால் ஒரு நாள் இறைப்பு மிச்சம். மட்டை மக்கும்போது தென்னை மிகவும் விரும்பும் பொட்டாசியமும் மண்ணுக்குத் திரும்புகிறது. அடுப்புச் சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகக் கலந்து போடக் கூடாது. சாம்பலின் காரத்தன்மை யூரியாவின் சத்தை அமோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும், காசு கொடுத்து வாங்கிய உரம் மணமாகப் பறந்துவிடும்.

இந்தப் பழக்கங்களின் உண்மையான பெறுமதி 2022இல்தான் கணக்காகத் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 வீதம். 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபா ஆனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். ஒரு சிலிண்டர் ஒரு மாதம் வரும் என்று வைத்துக்கொண்டால் அடுப்பு மூட்டவே நாளுக்கு 160 ரூபாவுக்கு மேல். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனபோது, மண்ணெண்ணெயில் ஓடும் படகு இயந்திரங்களை நம்பிய மீனவக் குடும்பங்களின் வருமானமும் விழுந்தது. அரசாங்கம் அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. கரையோரத்தில் அதற்கு விடுமுறை தேவைப்படவில்லை. வளவில் விழுந்த மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை எல்லாம் பாதிச் சமையலையாவது எரிவாயுவிலிருந்து விடுவித்தன. கொழும்பின் மாடிக்குடியிருப்பில் இருந்தவருக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள் பழைய டொலர் விலையில் வாங்கி முடித்த பொருள். அதற்கு மாற்றாக இன்று வாங்குவது இன்றைய விலை. வாளி, பாய், திரைச்சீலை, கம்பி வலை, நைலோன் கயிறு என்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இறக்குமதி, இல்லாவிட்டால் இறக்குமதி மூலப்பொருளால் ஆனவை. ரூபா விழும்போது அவற்றின் விலை டொலரோடு ஏறும். தைக்கும் கூலியும் வலை முடையும் கூலியும் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் நெருக்கடிக் காலத்தில் பழைய பொருளை மாற்றிப் பயன்படுத்துவதன் இலாபம் தானாகவே கூடுகிறது, விலைகள் இறங்கினால் குறைகிறது. எந்தக் காலத்திலும் எதையும் தூக்கி எறியாதே என்ற பொது உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விலை என்றதும் முதல் மறுப்பு வரும்: எரிப்பதற்குப் பதிலாக விற்றால் என்ன? நியாயமான கேள்விதான். தென்னையின் பெரும்பாலான பாகங்களை வாங்க இந்த மாவட்டத்தில் ஆள் உண்டு. மாதம்பையிலும் சிலாபத்தைச் சுற்றியும் தும்பு ஆலைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த தும்புச்சோறு இன்று கட்டியாக அழுத்தப்பட்டு, வெளிநாட்டுச் செடி வளர்ப்பாளர்களுக்கு ஏற்றுமதியாகிறது. சிரட்டைக் கரியிலிருந்து செயற்படுத்திய கரி செய்யும் ஆலை மாதம்பையில் இயங்குகிறது. தண்ணீரையும் காற்றையும் தூய்மையாக்கப் பயன்படும் அந்தக் கரிக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. எனவே சிரட்டையை அடுப்பில் போடுகிறவர் இலவச விறகை எரிக்கிறோம் என்று நினைத்தால் தவறு, விற்கக்கூடிய ஒன்றை எரிக்கிறார். ஆனால் நாளுக்கு ஒரு தேங்காய் உடைக்கும் வீட்டில் மாதம் முழுதும் சேர்ந்தாலும் அறுபது அரைச் சிரட்டைதான். அதை வாங்க வருபவர் கொடுக்கும் விலையையும், அது மிச்சப்படுத்தும் எரிவாயுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அடுப்பே வெல்லும். பத்து ஏக்கர் தோட்டக்காரருக்கு விடை மாறிவிடும். சிரட்டையை விற்று ஓலைமட்டையை எரிப்பது இடைவழி. மட்டையின் அடியை வாங்க யாரும் வாசலுக்கு வருவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இந்தச் சிக்கனத்தின் கூலியை யார் கொடுக்கிறார்கள்? கிடுகு பின்னுவதும், ஈர்க்குச் சீவுவதும், புகையடுப்பில் ஊதி ஊதிச் சமைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்த நேரத்துக்கு வீட்டில் யாரும் விலை போடுவதில்லை, போடாததால்தான் எல்லாம் இலவசமாகத் தெரிகிறது. இதை மறுக்க முடியாது. பத்துக் கிடுகு பின்னும் நேரத்தில் ஒருவர் வேறு கூலி வேலையில் கூடுதலாகச் சம்பாதிக்க முடியுமென்றால், அவருக்குத் தகரக் கூரையே சிக்கனம். வேறு வேலை கிடைக்காத மாதங்களில்தான், அல்லது வேறு வேலைக்கு இடையே கிடைக்கும் துண்டு நேரங்களில்தான், இந்த உழைப்பு மிச்சமாக மாறுகிறது. புகைக்கும் கணக்கு உண்டு. மூடிய குசினியில் தினமும் விறகுப் புகையை உள்ளிழுப்பது நுரையீரலைக் கெடுக்கும்; பிறகு ஆஸ்பத்திரிக்குச் செலவழிப்பது எரிவாயுவில் மிச்சம் பிடித்த பணமாகவே இருக்கும். இலங்கையில் 1980களிலிருந்து பரவிய அனகி மண் அடுப்பு ஒரே தீயில் இரண்டு பானை வைக்க இடம் கொடுக்கிறது, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைக்கிறது. விறகுக்குத் திரும்புகிறவர் அதையும், புகை வெளியேற ஒரு வழியையும் சேர்த்துத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம், சொல்ல அவர்களுக்கு உரிமையும் அதிகம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. மன்னாரிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் கிடுகுக் கொட்டில்களில் கழித்தது ஒன்றிரண்டு மாதங்களல்ல. 2007இல் உலக வங்கி நிதியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோதும் பல குடும்பங்கள் அந்தக் கொட்டில்களில்தான் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் கூரை ஒழுகும், ஒவ்வோர் ஆண்டும் கிடுகு மாற்ற வேண்டும், தீப்பொறி ஒன்று போதும் வரிசையே எரிய. அப்படி வாழ்ந்தவரிடம் போய்க் கிடுகின் பெருமையைப் பேசினால் அது ஏளனமாகத்தான் கேட்கும். அதே குடாநாட்டில் இன்று ஆலங்குடாவிலும் கண்டக்குளியிலும் காற்றாடிச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவர் தங்கும் குடில்களுக்குக் கிடுகுக் கூரை போட்டிருக்கிறார்கள், இரவு வாடகை டொலரில். பொருள் ஒன்றே, ஆனால் ஒருவர் அதைத் தெரிவு செய்தார், மற்றவருக்குத் தெரிவு இருக்கவில்லை. ஆகவே நான் சொல்வதன் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பழையதை மாற்றிப் பயன்படுத்துவது சம்பளத்துக்கோ வீட்டுக்கோ மானியத்துக்கோ மாற்று ஆகாது. மக்கள் சிக்கனமாக இருந்து சமாளித்துக்கொள்வார்கள் என்று அரசு கைகழுவ இதைச் சாட்டாகக் காட்டவும் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் இருக்கிற வருமானம் எதுவானாலும், அதில் வீணாக வெளியே போகும் ஒரு பங்கை அது நிறுத்தும்.

சில பொருள்களுக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுக்கவே கூடாது. கற்பிட்டி வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஆண்டு முழுதும் விளையும் இடம். பூச்சிநாசினி, களைநாசினி வந்த கான்கள் தோட்டம்தோறும் கிடைக்கும். உறுதியான கான், நல்ல மூடி, கழுவினால் மணம்கூடப் போய்விடும். ஆனால் மருந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். அதில் குடிநீரோ தேங்காயெண்ணெயோ வைப்பது தற்கொலைக்குச் சமம். மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிவிட்டு, கானில் துளை போட்டுவிட வேண்டும், வேறு யாரும் ஆசைப்படாதபடி. உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டை அறுத்துக் கோழிக்கூடு கட்டுவதும் இந்த வகைதான். கூரையில் அசையாமல் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராத அந்த நார், வாள் போட்ட கணத்தில் தூளாகி மூச்சில் ஏறும். விளைவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதையும் சிக்கனத்தில் சேர்க்க வேண்டாம். இவற்றைவிடச் சாதாரணமான ஆபத்து, “எப்போதாவது உதவும்” என்று வளவில் சேர்த்து வைப்பது. டயர், யோகட் கோப்பை, சிரட்டை, மூடியில்லாத வாளி எல்லாவற்றிலும் ஒரு மழைக்குத் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 440 பேர் இறந்தார்கள். பயன்படுத்தப்படாமல் சேர்த்து வைத்த பொருள் எந்தப் பணத்தையும் மிச்சப்படுத்தியதில்லை. இந்த மாரிக்குள் வேலை கிடைக்காத பொருளை அடுத்த மாரிக்கு முன் பழைய இரும்பு, போத்தல் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

கிடுகின் இறங்குவரிசை மண்ணில் போய் முடிகிறது. பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு கடைசிப் படி இல்லை. மீன் வந்த ரெஜிபோம் பெட்டியில் கீரை வளர்க்கலாம்தான், ஒரு வருட வெயிலில் அது மணிமணியாக உதிர்ந்து களப்புக்குப் போகும். பழைய வலையும் கடைசியில் நூல்நூலாகும். அதன் பிறகு எங்கே போகிறது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்திடம் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பின் தலைநகரின் குப்பையைக் கொட்ட முடிவான இடம் வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காடு, புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பழைய குழிகள். புத்தளம் மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தும் திட்டம் நிற்கவில்லை.

அதனால் எதை எப்படி மாற்றிப் பயன்படுத்துவது என்ற கேள்வியின் பாதி விடை, பொருள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, கடையில் தீர்மானமாகிவிடுகிறது. பருத்திச் சேலை கிழிந்தால் குழந்தைக்கு ஏணை, பிறகு தலையணை உறை, பிறகு துடைக்கும் துணி. வியர்வையோ நீரோ உறிஞ்சாத பொலியெஸ்டர் சேலைக்குத் திரைச்சீலையைத் தாண்டிப் பெரிய எதிர்காலம் இல்லை. பருத்திச் சாரமோ பருத்திச் சேலையின் வழியிலேயே போகும். கண்ணாடிப் போத்தலில் வந்த ஜாம் தீர்ந்தால் அந்தப் போத்தல் அச்சாறுக்கும் உப்புப் போட்ட தேசிக்காய்க்கும் வருடக்கணக்கில் உதவும், புளிக்கும் உப்புக்கும் அது அசையாது. அதே ஜாம் பிளாஸ்டிக் குப்பியில் வந்தால் அதில் அச்சாறு போட முடியாது. 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த ஷாம்பு பைக்கற்றுகளை 2021 மார்ச் முடிவிலிருந்து அரசு தடை செய்தது. அந்தப் பைக்கற்றுக்கு ஒரு நாள்கூட இரண்டாவது வாழ்க்கை கிடையாது, சிறிய பைக்கற்றில் வாங்குகிறவர் ஒரு மில்லிலீற்றருக்குக் கொடுக்கும் விலையும் பெரும்பாலும் கூடுதல். அன்றாடக் கூலியில் வாழ்பவரால் பெரிய போத்தலுக்கு ஒரேயடியாகப் பணம் எடுக்க முடிவதில்லை என்பதும் உண்மைதான், அங்கே இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய போத்தல் வாங்கி, வீட்டில் கிடக்கும் சிறிய போத்தல்களில் பிரித்துக்கொள்ள முடியும். வெற்றுப் போத்தலுக்கு அப்போது ஒரு வேலை கிடைக்கிறது, மூன்று வீடுகளுக்கும் கொஞ்சம் பணமும் மிஞ்சுகிறது.